துணி சுற்றிய மட்டை

வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் மடங்க மறுத்த வருஷத்தில்தான் நான் ஒரு பழைய கோல்ஃப் மட்டையைத் தேடி ராயபுரத்தில் அலைந்தேன். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் வழியில் இருந்த ஒரு தொழிற்சாலையின் இயந்திரக்கூடத்தில் எனக்கு வேலை. நீராவிக் குழாய்களின் வால்வுகள் என் பொறுப்பு. பெரிய வால்வின் சக்கரத்தைத் திருகி மூடுவதற்கு இரண்டு கைகளும் வேண்டும், பத்து விரல்களும் வேண்டும். எனக்கு எட்டுதான் இருந்தன.

பம்பு ஒன்றின் மூடியைக் கழற்றும்போது ஸ்பேனர் நழுவி, கை இரும்பு விளிம்பில் போய் அறைந்தது. தையல் போட்டார்கள். காயம் ஆறியது. டாக்டர் தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகலாம் என்றார். விரல்களை மடக்கிக் காட்டு என்று அவர் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டது என்று நினைத்துக்கொள்ளுமாம். அந்தப் பூனையாக இருந்தேன். வால்வை இடது கையாலும் தோள் பலத்தாலும் மூடப் பழகிக்கொண்டு, யாருக்கும் தெரியாது என்று நடமாடினேன்.

தெரிந்தால் என்ன ஆகும் என்பதில் சந்தேகமே இல்லை. ஸ்டோர்ஸுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே ஆணிப் பெட்டிகளையும் பெயின்ட் டப்பாக்களையும் அடுக்கி வைத்துக்கொண்டு, கேட்டு வருபவனுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். என் அப்பா தெற்குச் சீமையிலிருந்து வந்து வண்ணாரப்பேட்டையில் மொத்தக் கடை போட்டவர். பெட்டி அடுக்கும் பிழைப்பு எனக்கு வேண்டாம் என்று அவரோடு வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசிவிட்டுத்தான் நான் இயந்திரத்துக்கு வந்தேன். திரும்பவும் பெட்டிக்கே போவதா? அந்த நாட்களில் என் கோபம் எதன்மேல் பாயும் என்று எனக்கே தெரியாது. சோறு ஏன் இப்படிக் குழைந்து கிடக்கிறது, பானையை அடுப்பில் வைத்துவிட்டுத் தூங்கிப் போனாயா என்று மனைவியிடம் கத்துவேன். அவள் இன்னொரு கரண்டி போடுவாள்.

எங்கள் தலைமை இன்ஜினியர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். கொஞ்சம் பேசுவார், நிறையப் பார்ப்பார். அவர் பேசியதெல்லாம் இங்கிலீஷில்தான், ஆனால் என் ஞாபகத்தில் அது தமிழாகத்தான் தங்கியிருக்கிறது. ஒரு நாள் இயந்திரக்கூடத்தில் என் பக்கத்தில் வந்து நின்று, "துறைமுகத்துக்காரர்களோடு நடக்கும் ஆட்டத்துக்கு உன் பெயரைப் போட்டிருக்கிறேன். கை எப்படி இருக்கிறது என்று அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்றார். சொல்லிவிட்டு நடந்து போய்விட்டார். மருத்துவர் கேட்காததை இவர் கோல்ஃப் மைதானத்தில் கேட்கப் போகிறார்.

அந்த மைதானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொழிற்சாலையின் பின்சுவருக்கும் உப்பங்கழிக்கும் நடுவே கிடந்த மணல்வெளியில் பழைய வெள்ளைக்காரர்கள் யாரோ ஒன்பது குழிகளை வெட்டி, கோல்ஃப் மைதானம் என்று பெயர் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மருந்துக்கும் புல் கிடையாது. குழியைச் சுற்றிப் புல்தரை இருக்க வேண்டிய இடத்தில், இயந்திரங்களிலிருந்து வடித்த கழிவெண்ணெயை மணலில் ஊற்றி உருளையால் அமுக்கி வைத்திருப்போம். பார்க்கக் கருப்பட்டிப் பாகு மாதிரி பழுப்பாக இருக்கும். ஆட்டம் சிக்கலானதல்ல. பந்தை அடித்து அடித்துக் கொண்டுபோய்க் குழிக்குள் தள்ள வேண்டும். குறைந்த அடிகளில் தள்ளியவன் அந்தக் குழியை ஜெயித்தான். அதிகக் குழிகளை ஜெயித்தவன் ஆட்டத்தை ஜெயித்தான்.

எங்கள் மைதானத்துக்கென்று ஒரு சட்டமும் இருந்தது. மணலில் கிடக்கும் பந்தை அப்படியே அடித்தால் மட்டை தேய்ந்து பாழாகும் என்பதால், ஆளுக்கொரு தேங்காய்நார்க் கால்மிதியை வெட்டித் துண்டாக்கி வைத்திருந்தோம். பந்து எங்கே விழுந்தாலும் அந்தத் துண்டைப் போட்டு, அதன்மேல் பந்தை வைத்து அடிக்கலாம். விருந்தாளிகள் சிரிப்பார்கள். எங்களுக்கு அது பழகி, காலில் கிடக்கும் செருப்பு மாதிரி இருப்பதே தெரியாமல் போய்விட்டது.

கை சரியாக இருந்தபோது இரும்புத்தலை மட்டைகளை வைத்தே நான் காலத்தை ஓட்டினேன். இப்போது இரும்பால் அடித்தால் பந்து பாதி தூரம் போவதற்குள் களைத்துப் படுத்துவிட்டது. தரையிலிருந்தே நெடுந்தூரம் அடிப்பதற்கென்று மரத்தலை மட்டைகள் உண்டு. கனம் தலையிலேயே இருக்கும். கை கொடுக்காத பலத்தை மட்டை கொடுக்கும், தலைமை இன்ஜினியர் கண்ணை மறைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

ராயபுரத்தில் கப்பல் சாமான்களும் ஏலம் போன பங்களாச் சாமான்களும் விற்கும் கடை ஒன்று இருந்தது. கடைக்கார பாய் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"வா சார். இன்னா வோணும்?"

"கோல்ஃப் மட்டை ஏதாவது இருக்கா பாய்? மரத்தலை வச்சது."

பித்தளை விளக்குக் கூண்டுகளுக்கும் கிழிந்த பாய்மரத் துணிக்கும் பின்னாலிருந்து இரண்டு மட்டைகளை இழுத்துப் போட்டார். ஒன்று பெரியது, ஆண்பிள்ளை மட்டை. மற்றது அதில் முக்கால் கனம்கூட இல்லாத பெண்பிள்ளை மட்டை.

"ஒரு தொரையும் தொரசானியும் சீமைக்குப் போறப்போ போட்டுட்டுப் போனது சார். ஜதை."

நான் பெரியதை எடுத்தேன். இயந்திரத்துக்காரன் உதிரிப்பாகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். தண்டை ஒரு கண்ணால் நோக்கிப் பார்த்தேன், வளைவில்லை. இரும்புத் தண்டுக்கு மரம் மாதிரி வர்ணம் அடித்திருந்தார்கள், உப்புக்காற்றுக்கு அங்கங்கே உரிந்திருந்ததே தவிர துரு உள்ளே போகவில்லை. தண்டும் தலையும் சேரும் கழுத்தில் சுற்றியிருந்த மெழுகு நூல் பிரியவில்லை. தலையைத் திருகிப் பார்த்தேன், அசையவில்லை. அடியில் பித்தளைத் தகடு, திருகாணிகள் இறுக்கம். நகத்தால் தட்டிக் காதருகே பிடித்தேன், வெடிப்பு விட்ட மரத்தின் சத்தம் இல்லை. பந்தை அடிக்கும் முகம் நல்ல உயரம். பந்து எங்கே பட்டாலும் மரம் இருக்கிறது என்று எனக்குத் திருப்தி. கையில் எடுத்து வீசிப் பார்த்தபோது காற்று உறுமியது.

இத்தனையும் பார்த்தேன். மட்டை நல்லதா என்று பார்த்தேன். எனக்கு ஆகுமா என்று பார்க்கவில்லை.

"பெரிசு மட்டும் போதும் பாய்."

"ஜதையப் பிரிக்க மாட்டேன் சார். நீ ஒண்ண எட்துக்கினு போனா இன்னொண்ணு என் தலைல குந்திக்கும். சின்னதையும் எட்துக்கினு போ. வூட்ல இன்னாத்துக்காச்சும் ஆவும்."

அது அந்தக் கடைக்காரர்களின் வழக்கம். ஜதையாக வந்தது ஜதையாகத்தான் போகும். வாதாடிப் பார்த்துவிட்டு இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். நடத்துநர் சின்ன மட்டையைப் பார்த்துச் சிரித்ததாக எனக்குத் தோன்றியது. முறைத்தேன்.

வீட்டில் சின்ன மட்டையை வாங்கிப் பார்த்தவள் மனைவிதான். தொழிற்சாலைக் குடியிருப்பில், மைதானத்தை ஒட்டிய கடைசி வீடு எங்களுடையது. கொல்லையில் ஒரு முருங்கை மரம். மறுநாளே அந்த மட்டையின் தலையைக் கொம்பில் மாட்டி இழுத்து அவள் காய் பறிக்க ஆரம்பித்துவிட்டாள். பிடி வழுக்குகிறது என்று பழைய புடவையைக் கிழித்துப் பிடியில் தடிமனாகச் சுற்றித் தைத்தும் வைத்தாள். நீலப் புடவை, மஞ்சள் கரை.

"பாத்தியளா, எம்புட்டு ஒசரம் எட்டுது. நல்ல சாமான்தான் வாங்கியிருக்கிய" என்றாள்.

நான் சிரிக்கவில்லை. எனக்குப் பெரிய மட்டைதான் நினைப்பு.

வேலை முடிந்த மாலைகளில் மைதானத்துக்குப் போய் அடித்துப் பழகினேன். என் பையைத் தூக்க காத்திவாக்கத்து மீனவர் ஒருவர் வருவார். என்னைவிட மூத்தவர். கடல் சரியில்லாத நாட்களில் கட்டுமரத்தைக் கரையேற்றிவிட்டு மைதானத்துக்கு வந்துவிடுவார். அவர் கால்மிதித் துண்டைப் போடுவார், பந்தை வைப்பார், நான் அடிப்பேன். முதல் சில அடிகள் கோணலாகப் போயின. அப்புறம் பெரிய மட்டை பிடிபட்டது. பந்து சவுக்குத்தோப்பின் உயரத்துக்கு எழும்பிப் போய் விழுந்தது.

"ஜோரா கீது சார்! இத்த வச்சிகினு நீ மெட்ராஸ் பூரா ஜெயிச்சிடுவ" என்றார்.

நானும் நம்பினேன். அடிக்கு அடி சுண்டுவிரல் பக்கம் பிடி நழுவிக் கை எரிந்தது. அது போகப் போகச் சரியாகிவிடும் என்று அதையும் நம்பினேன்.

ஆட்ட நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. மாதா கோவில் காலைப் பூசைக்கு மனைவியை மட்டும் அனுப்பிவிட்டு மைதானத்துக்குப் போனேன். துறைமுகத்திலிருந்து ஆறு பேர் வந்திருந்தார்கள். எனக்கு எதிராளி, கப்பல்களைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தி வரும் பைலட், ஆஜானுபாகுவான வெள்ளைக்காரர். என் வலது கையைப் பிடித்துக் குலுக்கினார். வலி உச்சந்தலைக்கு ஏறியது. பல்லைக் கடித்துச் சிரித்தேன். கூரைக் கொட்டகையின் நிழலில் தலைமை இன்ஜினியர் பைப் புகைத்தபடி நின்று அதையும் பார்த்தார்.

முதல் அடி எல்லோருக்கும் சிறு ஆப்பின்மேல் பந்தை வைத்துத்தான். பெரிய மட்டையால் அடித்தேன், அருமையாகப் போயிற்று. கொட்டகையில் கை தட்டினார்கள். மார்பை நிமிர்த்திக்கொண்டு பந்து கிடந்த இடத்துக்கு நடந்தேன். பந்து வெறும் மணலில், வெயிலில் காய்ந்து இறுகிய தரையில் கிடந்தது. நான் கையை நீட்டினேன்.

"கால்மிதி?"

"இன்னிக்கு அது கெடையாதே சார்" என்றார் பை தூக்கியவர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வருஷா வருஷம் இந்த ஓர் ஆட்டத்துக்கு மட்டும் கால்மிதி கிடையாது. வெளி ஆட்டக்காரர்கள் வரும்போது பந்து கிடந்த இடத்தில் கிடந்தபடியே அடிக்க வேண்டும். எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். போன வருஷம் அப்படித்தான் ஆடினேன், இரும்பு மட்டைகளால், பத்து விரல்களோடு. ஆனால் இத்தனை மாலைகள் பெரிய மட்டையை அடித்துப் பார்த்தபோது ஒரு தடவையாவது பந்தை வெறுந்தரையில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. காலில் கிடக்கும் செருப்பை யார் யோசிக்கிறார்கள்? எங்கள் மைதானத்துக்காரனைத் தவிர உலகத்தில் வேறெவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

தரையில் கிடந்த பந்தின் பின்னால் பெரிய மட்டையை வைத்தேன். அப்போதுதான் அதன் முகம் எவ்வளவு உயரம் என்று உறைத்தது. முகத்தின் நடு, பந்தின் நடுவைவிட மேலே நின்றது. கால்மிதியின்மேல் பந்து உயர்ந்து நின்றபோது அதுவே வசதி. வெறுந்தரையில் அது பந்தின் உச்சந்தலையில்தான் அடிக்கும். அடித்தேன். பந்து மணலைக் கீறிக்கொண்டு எலி மாதிரி ஓடிப் புதருக்குள் புகுந்தது.

பைலட் நல்ல மனிதர். "துரதிர்ஷ்டம்" என்றார். அதிர்ஷ்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடமும் கோணல், காலும் கோணல்.

அடுத்தடுத்த குழிகளில் விடாப்பிடியாக அதையே எடுத்தேன். அடி ஆழமாகப் போகட்டும் என்று அழுத்திப் பிடித்தால் மடங்காத விரல்கள் பிடியை விட்டன. தலை திரும்பிக்கொண்டது. ஒரு பந்து உப்பங்கழிக்குள் போயிற்று. ஒன்பது குழிகள் முடிந்தபோது நான் மூன்று குழி பின்தங்கியிருந்தேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தலைமை இன்ஜினியர் என்னைப் பார்த்தபடியே பைப்பைத் தட்டிச் சாம்பலைக் கொட்டினார். திட்டியிருந்தால் தேவலாம்.

ஒன்பது முடிந்ததும் தேநீர். அதன்பிறகு அதே ஒன்பதை இரண்டாம் முறை ஆட வேண்டும். எனக்குத் தேநீர் வேண்டாம் என்று வீட்டுக்கு நடந்தேன், பையைத் தோளில் மாட்டி, பெரிய மட்டையைக் கையில் பிடித்தபடி. கொல்லையில் அதைத் தூக்கி எறிந்தேன். கோவிலிலிருந்து வந்திருந்த மனைவி முருங்கை மரத்தடியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"மொகம் ஏன் இப்பிடி இருக்கு? தோத்துட்டியளா?"

"இன்னும் பாதி இருக்கு."

அவள் கையில் சின்ன மட்டை இருந்தது. அதன் முகத்தை அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன். விரலளவு உயரம், மேல்நோக்கிச் சாய்ந்த முகம். அவளிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

"அத எதுக்கு எடுக்கிய? இன்னும் நாலு காய் பறிக்கணும்."

பையிலிருந்த பந்து ஒன்றை வெறுந்தரையில் போட்டேன். மட்டையைப் பிடித்தேன். புடவைத் துணி சுற்றிப் பருத்த பிடியில் என் வலது கை வந்து உட்கார்ந்தது. விரல்கள் மடங்கவே தேவையில்லை, பாதி வளைந்தபடியே பிடித்துக்கொண்டன. வலியில்லை. மெல்லத்தான் வீசினேன். லேசான தண்டு தானே வளைந்து தானே நிமிர்ந்தது. குறுகிய முகம் பந்துக்கு அடியில் புகுந்தது. பந்து சத்தமில்லாமல் எழும்பி மதிலைத் தாண்டிப் போயிற்று.

சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது. என் கைக்குப் பொருத்தமான மட்டை இதுதான் என்றால், என் கை எப்படிப்பட்ட கை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? துணி சுற்றிய பெண்பிள்ளை மட்டையைத் தலைமை இன்ஜினியர் கண் முன்னால் எடுப்பதும், மடங்காத விரல்களை நீட்டிக் காட்டுவதும் ஒன்றுதான். ஆனாலும் அதை விட்டுவிட்டுப் போக மனமில்லை. ஒரு துண்டைச் சுற்றிப் பைக்குள் செருகினேன். பெரியதையும் பொறுக்கிச் செருகினேன்.

இரண்டாம் சுற்றில் தொலைவடியை நம்பாமல், இரும்பு மட்டையால் குட்டிக் குட்டியாகத் தட்டிப் போனேன். எண்ணெய் மணலில் பந்தை உருட்டுவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பைலட்டுக்கு அந்தப் பழுப்புத் தரை கடைசி வரை பிடிபடவில்லை. ஒரு குழியை மீட்டேன். இன்னொன்றையும் மீட்டேன். கடைசிக் குழிக்கு முந்தைய குழியில் அவர் பந்து குழியின் உதட்டில் நின்றுவிட, அதையும் ஜெயித்து ஆட்டத்தைச் சமன் செய்துவிட்டேன். மற்றவர்கள் ஆட்டம் முடிந்து எல்லோரும் கடைசிக் குழிக்கு வேடிக்கை பார்க்க வந்தார்கள். தலைமை இன்ஜினியர் கூட்டத்தோடு நிற்காமல், என் பந்து விழக்கூடிய இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நின்றார்.

கடைசிக் குழி உப்பங்கழியின் ஒரு கிளைக்கு அந்தப் பக்கம். எங்கள் இருவரின் முதல் அடியும் இந்தக் கரையில் விழுந்தது. பைலட் தன் இரண்டாவது அடியில் தண்ணீரைத் தாண்டிப் பழுப்புத் தரையின் விளிம்பில் கொண்டுபோய்ப் போட்டார். என் பந்து இறுகிய வெறுந்தரையில், தண்ணீரிலிருந்து தள்ளிக் கிடந்தது. இரும்பு எட்டாது. கழிக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் இறால் தடவிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, பை தூக்கியவர் கையை ஆட்டிக் கத்தினார்.

"ஏய், தள்ளிக்கோங்கப்பா! சார் அடிக்கப் போறாரு!"

அவர்கள் கூடையைப் பல்லில் கடித்தபடி சாவதானமாக விலகினார்கள். அவர் பெரிய மட்டையை உருவி என்னிடம் நீட்டினார்.

"இத்த எடு சார். ஒரே போடு."

வாங்கினேன். பந்தின் பின்னால் வைத்தேன். அது தண்ணீரைத் தாண்டாது என்று என் ஒவ்வொரு எலும்புக்கும் தெரிந்தது. தாண்டாவிட்டால்தான் என்ன? தோற்பேன். மட்டை பழசு, நாள் சரியில்லை என்று சொல்லலாம். இன்னும் ஒரு மாதம், இரண்டு மாதம் அந்தச் சக்கரத்தைத் தோளால் மூடிக்கொண்டு ஓட்டலாம். நிமிர்ந்து பார்த்தேன். பைலட் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், இரக்கத்தோடு. நோயாளியைப் பார்ப்பது மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு.

அந்தப் பார்வைதான் என்னைக் கெடுத்தது, அல்லது காப்பாற்றியது. யார் இரங்கினாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெரிய மட்டையை மணலில் போட்டேன். பையைப் பிடுங்கித் துண்டை உதறி, சின்ன மட்டையை எடுத்தேன். நீலத்துணியும் மஞ்சள் கரையும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. பின்னால் யாரோ சிரித்தார்கள். இன்னொருவர், "அது சீமாட்டிகள் மட்டை அல்லவா?" என்றார். பை தூக்கியவர் வெட்கத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மெல்ல வீசினேன். பந்து எழும்பியது. இறால் பிடித்தவர்கள் அண்ணாந்து பார்க்க, தண்ணீரைத் தாண்டிக் கெட்டித்தரையில் விழுந்து, ஒரு துள்ளு துள்ளிப் பழுப்புத் தரையின்மேல் உருண்டு நின்றது. அங்கிருந்து நான் இரண்டே தட்டில் குழியில் போட்டேன். பைலட்டுக்கு மூன்று தட்டு ஆயிற்று. ஆட்டம் எனக்கு.

கை தட்டினார்கள். பைலட் கை கொடுக்க வந்தார். அவருக்கு முன்னால் தலைமை இன்ஜினியர் வந்து என் கையிலிருந்த மட்டையை வாங்கினார். அதன் முகத்தைப் பார்த்தார், தண்டை வளைத்துப் பார்த்தார், துணியை அமுக்கிப் பார்த்தார். என்னைத் தனியாக நாலு தப்படி அழைத்துப் போனார்.

"கையை நீட்டு. மூடு."

மூடினேன். மூன்று விரல்கள் மூடின.

"நீ இடது கையால் மூடுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீயாகச் சொல்வாய் என்று நினைத்தேன்." மட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "இந்த மட்டை உனக்குப் பொருத்தம். அடுத்த வருஷமும் உன் பெயர் இருக்கும். ஆனால் அந்த வால்வுக்கு இப்படித் துணி சுற்ற முடியாது. நாளையிலிருந்து ஸ்டோர்ஸுக்குப் போ."

ஜெயித்தவனுக்குச் சொல்லும் வார்த்தையா இது? எதிர்த்துப் பேச வாயெடுத்தேன். அவர் சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை என்பதுதான் என் கோபம். இத்தனை காலத்துக்குப் பிறகும் அந்தக் கோபம் முழுசாகத் தணியவில்லை.

வீட்டுக்கு வந்து கொல்லையில் நின்று அழுதேன். மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"தோத்துட்டியளா?"

"ஜெயிச்சுட்டேன். ஸ்டோர்ஸுக்கு மாத்திட்டாங்க."

விரல்களை அவளிடம் முதன்முறையாகக் காட்டினேன். அவள் அவற்றைப் பார்க்கக்கூட இல்லை.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சிய? கூடவே இருந்து சாப்பாடு போடுதேன். வெரலுக்கு எடையில சோறு சிந்துததப் பாக்க மாட்டேனா? அதுக்குத்தானே இத்தன நாளா சோத்தக் கொழைய வடிக்கேன்."

நான் கத்தியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அவள் என் கையிலிருந்த சின்ன மட்டையைப் பார்த்தாள், வாங்கவில்லை. சுவரோரம் சாய்த்திருந்த பையிலிருந்து பெரிய மட்டையை உருவினாள்.

"அத நீங்களே வச்சுக்கிடுங்க. எனக்கு இது போதும்" என்று சொல்லிவிட்டு, பித்தளைத் தகடு பளபளக்க அதைத் தூக்கி முருங்கைக் கொம்பில் மாட்டி இழுத்தாள். காய் நாலும் ஒரே இழுப்பில் விழுந்தன.